தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

என் கணவருக்கு மூக்குக் குத்தியிருக்கிறது. வலது மூக்கில், தேடிப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு ஒரு புள்ளி. அதை நான் முதலில் கவனித்தது திருமலைக்கோவில் படியில் வைத்து. அவரைச் சந்தித்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

அப்போது எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்குக் கேசரியும் பஜ்ஜியும் செய்து அம்மாவுக்கு அலுத்துவிட்டது. எனக்கு அதைவிட அலுத்துவிட்டது. இனி யார் வந்தாலும் கோவிலில் வைத்துப் பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்ட மாதிரியாவது இருக்கும் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வடகரையில் நெல்லும் தென்னையுமாக இருந்தவர்கள். நிலம் சுருங்கிப் போனதால் அவர் செங்கோட்டை ரோட்டில் மோட்டார்களுக்கு வைண்டிங் கட்டும் கடை வைத்திருந்தார். எனக்கு ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருந்தாளுநர் வேலை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கோவில் என்று பண்பொழி திருமலைக்கோவிலைச் சொன்னார்கள்.

பெரியவர்கள் எல்லோரும் காரில் மேலே போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் படியேறிக்கொண்டே பேசிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. ஆனால் ஏறும்போது எங்கே பேசுவது? அவருக்கு மூச்சு வாங்கியது. வாங்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காக வாயை மூடிக்கொண்டு ஏறினார். பாதி மலையில் இடும்பன் சந்நிதி வந்ததும் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அந்தப் புள்ளியைப் பார்த்தேன். ஆண்பிள்ளைக்கு மூக்குக் குத்தியிருக்கிறதே என்று நேராகவே கேட்டுவிட்டேன். இந்த வரனும் தட்டிப்போகும் என்று நினைத்திருந்ததால் எனக்குத் தயக்கம் ஒன்றும் இல்லை.

அவர் கோபப்படவில்லை. தனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை என்றும், தான் பிறந்ததும் அம்மா இந்த மலைக்கு நேர்ந்துகொண்டு மூக்குக் குத்திவிட்டாள் என்றும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பையன்கள் செய்த கேலியில், கம்பியைக் கழற்றி வாய்க்காலில் எறிந்துவிட்டாராம். துளை மட்டும் தூர்ந்துபோகாமல் நின்றுவிட்டது.

ஏன் மூக்கு என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். அந்த மலைச்சாமிக்கே மூக்கன் என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. ஆதியில் மலைமேல் விக்கிரகம் இல்லை, ஒரு வேல் மட்டும் இருந்தது. அதற்குப் பூசை செய்துவந்த பட்டர் ஒரு மத்தியானம் புளியமரத்தடியில் கண்ணயர்ந்தபோது முருகன் கனவில் வந்தார். தான் கீழே மண்ணுக்குள் கிடப்பதாகவும், எறும்புகள் சாரையாகப் போகிற தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் இடம் தெரியும் என்றும் சொன்னார். மலையாள தேசத்து ராஜாவிடம் போய்ச் சொல்லி, ஆள் கூட்டி வந்து தோண்டினார்கள். கடப்பாரை சாமியின் மூக்கில் பட்டுவிட்டது. பின்னமான சிலையை மூலஸ்தானத்தில் வைப்பது வழக்கமில்லை. ஆனாலும் இவரைத் தூக்கிக்கொண்டுபோய் மலைமேல் வைத்தார்கள். பிள்ளை தங்காத வீடுகளில் அதன்பிறகு பிறக்கும் பிள்ளைக்கு மூக்கன் என்றும் மூக்கம்மாள் என்றும் பெயர் வைத்து மூக்கையும் குத்திவிடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் நெடுங்காலமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போது, கடப்பாரை பட்ட இடத்தில் ரத்தம் வந்தது என்று சொல்வார்கள். நான் அதைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார்.

"ரத்தமெல்லாம் வரல. கல்லுல்லா அது."

"கல்லுன்னா கனவுல வந்து எப்படிப் பேசுச்சு?"

அவர் விட்டுக்கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். "பேசுனது சாமி. அடிபட்டது கல்லு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது அம்மா என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். அந்த ஆவணியிலேயே கல்யாணம் முடிந்தது.

மாமனார் முன்பே இறந்துவிட்டார். வடகரை வீட்டில் அத்தையும் நாங்கள் இருவரும்தான். அத்தை அதிகம் பேசமாட்டார்கள். பேருந்தில் எப்போதும் முன் சீட்டில், டிரைவருக்கு இடது பக்கம்தான் உட்காருவார்கள். அந்த இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்கள். மாதம் தவறாமல் கார்த்திகை நட்சத்திரத்தன்று மலைக்குப் போய்விடுவார்கள். மலைக்குக் காரில் போகிறவர்களைப் பற்றி அவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

எனக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இரண்டாவது ஐந்தாம் மாதம்வரை வந்தது. அசைவு தெரிய ஆரம்பித்திருந்தது. அதன்பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, இனி முயற்சி செய்வது எனக்கு நல்லதில்லை என்று சொல்லிவிட்டார். நானோ தினமும் மருந்து கொடுக்கிற ஜன்னலில் நின்று வரிசையாக வருகிற கர்ப்பிணிப் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையை எண்ணிக் கொடுக்க வேண்டியவள். சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்க, டீ குடிச்ச கையோட போடாதீங்க என்று சொல்லவேண்டியவள். சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாவது முறை, தைப்பூசத்துக்கு மலையேறியதால்தான் இப்படி ஆனது என்று உறவுக்கார அம்மாள் ஒருத்தி வீட்டுக்கு வந்து சொன்னாள். அத்தை அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிக்கொண்டு, "நேரமாச்சுன்னா பஸ் கெடைக்காது, பொறப்படு" என்றார்கள். அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த மலைமேல் கோபம் வந்துவிட்டது. சுகாதார நிலையத்தின் பின்பக்கம் கையலம்பப் போனால் மலையும் கோபுரமும் நேராகத் தெரியும். நான் திரும்பி நின்று கையைக் கழுவிவிட்டு வருவேன்.

அத்தை என்னைக் கோவிலுக்குக் கூப்பிடவே இல்லை. தனியாகப் போய்விட்டு வருவார்கள். கொண்டுவந்த திருநீற்றை என் நெற்றியில் பூசுவதில்லை. அடுக்களையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எடுத்துக்கொள் என்றும் சொன்னதில்லை. ஒரு வருஷத்துக்குமேல் அந்தப் பொட்டலங்கள் அங்கே சேர்ந்துகொண்டே இருந்தன.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மோட்டாரைச் சரிபார்க்க அவர் ஒருநாள் போனபோது என்னையும் பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். சீசன் இல்லாத மாதம். மெயினருவியில் பாறைதான் தெரிந்தது. ஒரு ஓரமாக நூல் மாதிரித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கடைகளில் பாதி அடைத்துக் கிடந்தன. வேலை முடிந்து வந்தவர் அருவிக்கு எதிரே கைப்பிடிச்சுவரில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாறையைப் பார்த்தபடியே, நாம் ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்போமா என்று கேட்டார். அதற்கு எங்கே பதிவு செய்யவேண்டும், என்னென்ன காட்டவேண்டும் என்றெல்லாம் எனக்குத் தெரியாமல் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார்.

நான் யோசிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. "அத்தைட்ட யாரு சொல்லுவா?" என்றுதான் கேட்டேன். கேட்ட பிறகுதான் நான் சம்மதித்துவிட்டது எனக்கே தெரிந்தது.

அத்தையிடம் யாரும் சொல்லவில்லை. அவருடைய சித்தப்பா ஒருவர் வேறு ஏதோ பேச்சில், ரத்தம் ரத்தம்தான், ஊரான் பிள்ளை ஊரான் பிள்ளைதான் என்று சொல்லியிருந்தது அவருக்குப் பயமாக இருந்தது. அம்மாவும் அப்படித்தான் நினைப்பாளோ என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனார். பதிவு செய்தாகிவிட்டது. வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத ஒரு பெண் அதிகாரி வியாழக்கிழமை வருவதாகப் போன் செய்துவிட்டார். வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் பேசுவேன் என்றும் சொன்னார். இனிமேல் மறைக்க முடியாது.

அந்த வாரம் திங்கள்கிழமை கார்த்திகை. அத்தைக்கு மூட்டுவலி கூடியிருந்ததால், ஆட்டோவில் போகலாம், நானும் வருகிறேன் என்றேன். அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஆட்டோ வேண்டாம், நடந்தே போவோம் என்றார்கள். ஒவ்வொரு படிக்கும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரே காலை முன்வைத்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார்கள். நான் கீழ்ப்படியில் கையைத் தாங்கலாக வைத்துக்கொண்டு போனேன். வெயில் ஏறிவிட்டது. மேலே போய்ச் சாமி கும்பிட்டோம். எனக்குக் கும்பிட ஒன்றும் தோன்றவில்லை. மேற்கே மலைத்தொடரில் மேகம் உட்கார்ந்திருந்தது. கீழே வயலும் தென்னந்தோப்பும் குளங்களுமாக அச்சன்புதூர்வரை தெரிந்தது. மண்டபத்தில் தூணோரமாக உட்கார்ந்தோம்.

அத்தை தூணைத் தடவிக்கொண்டே, இதையெல்லாம் கொண்டுவந்து சேர்த்தவளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அச்சன்புதூர்ப் பக்கத்தில் பிள்ளையில்லாத அம்மாள் ஒருத்தி இருந்தாள். கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் நீயே எனக்குப் பிள்ளையாக இரு என்று முருகனிடம் சொல்லிவிட்டாள். பிள்ளை மலைமேல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறானே என்று மண்டபம் கட்டப் புறப்பட்டாள். கல் தூண்களை வாழைமட்டையில் வைத்து மலைமேல் இழுத்தாள். கல் சறுக்கிக்கொண்டு கீழே வந்தால், தன் தலையைக் கொடுத்துத் தடுத்து நிறுத்துவாளாம்.

சின்ன வயதில் இதைக் கேட்கும்போது வாழைமட்டையில் கல் எப்படி வரும் என்றுதான் எனக்குச் சந்தேகம் வரும். அன்றைக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. சறுக்கி வருகிற கல்லுக்குத் தலையைக் கொடுக்கிறவளைத்தான் நினைத்தேன். அதற்குமேல் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை.

"அத்தை, நாங்க ஒரு புள்ளைய எடுத்து வளக்கலாம்னு இருக்கோம். எழுதிப் போட்டாச்சு. வியாழக்கெழம வீட்டைப் பாக்க ஒரு அம்மா வருதாங்க."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். "அவனுக்குத் தெரியுமா?"

"அவுகதான் மொதல்ல சொன்னாக."

எங்களுக்கு எதிரே ஒரு குரங்கு யாருடைய பையிலிருந்தோ தேங்காய் மூடியை எடுத்துக்கொண்டு ஓடியது. அந்தப் பைக்காரர் கம்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஆளுகன்னு சொல்லுவாகளா?"

"சொல்ல மாட்டாங்க அத்தை. அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

சாதியைக் கேட்டுவிட்டார்கள், முடிந்தது என்றுதான் நினைத்தேன். எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது. அத்தை காலை மெதுவாக நீட்டி, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள்.

"அவன நான் பெத்தேன்னுதான ஊரு சொல்லுது. பெத்ததுக மூணுல ரெண்டு போயிட்டு. இவன நான் வாங்குனேம்மா."

அவர்கள் சொன்னது இது. மூக்குக் குத்தியது மட்டும் போதாது, பிள்ளையை உன்னுடையது என்று நினைக்காதே, சாமிக்குக் கொடுத்துவிட்டு வேறு ஒருத்தியிடமிருந்து விலைக்கு வாங்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த மலைக்கு வந்து, சந்நிதிக்கு முன்னால் வெறுந்தரையில் கிடத்தி, இது உன் பிள்ளை, எனக்கில்லை என்று சொன்னார்கள். பிறகு கீழே அடிவாரத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் பிள்ளையைக் கொடுத்தார்கள். அந்தப் பெண் மடியில் வாங்கிக்கொண்டாள். அத்தை ஒரு சுளவு நிறையத் தவிட்டை அவள் முன்னால் வைத்து, இந்தப் பிள்ளையை எனக்குக் கொடு என்று கேட்கவேண்டும்.

"நான் கேட்டேன். அவ ஒடனே குடுக்கல. புள்ள மொகத்தப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் மடியில வச்சிருந்தா. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு அவன் மேல ஒரு பாத்தியதையும் இல்ல. குடுக்க மாட்டேன்னு சொல்லிருந்தா நான் என்ன செய்ய முடியும்? அப்பொறம் குடுத்தா. தவிட்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டா."

அத்தை முழங்காலிலிருந்து கையை எடுத்தார்கள்.

"அவ என்ன ஆளுகன்னு நான் கேக்கல. பேருகூடக் கேக்கல. புள்ள தங்குனாப் போதும்னு இருந்துச்சு."

நான் அழுதேன். இரண்டாவது பிள்ளை போனபோது ஆஸ்பத்திரியில் அழாத அழுகை அது. அத்தை என்னை அணைக்கவோ தட்டிக்கொடுக்கவோ இல்லை. அவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நான் ஓய்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, "வியாழக்கெழம வாரவளுக்கு என்ன செய்ய? வடை போதுமா?" என்று கேட்டார்கள்.

வந்த அதிகாரி சின்னப் பெண். வீட்டில் எதையும் சாப்பிடக்கூடாது என்பது விதி என்று சொல்லிப் பார்த்தார். வடையைத் தட்டில் வைத்துவிட்டு அத்தை எதிரே நின்றுகொண்டே இருந்ததால் கடைசியில் ஒன்றை எடுத்துக்கொண்டார். வீட்டில் பெரியவராக நீங்கள் அந்தக் குழந்தையை ஏற்றுக்கொள்வீர்களா என்று அத்தையிடம் கேட்டார்.

"நான் ஏத்துக்கிடுதது இருக்கட்டும்மா. அது எங்கள ஏத்துக்கிடணும்லா."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அத்தையைப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு காத்திருந்தோம். வருஷம் ஒன்று போய், இன்னொன்றும் போனது. வாரத்துக்கு ஒருமுறை அத்தை, போன் வந்துச்சா என்று கேட்பார்கள். இல்லை என்றால், "யானைகூட இந்நேரம் ஈனிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போவார்கள். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்த திருநீற்றை நான் எடுத்துப் பூச ஆரம்பித்திருந்தேன். அதை அவர்கள் கவனித்தார்கள் என்று தெரியும். போன் வந்தது ஒரு தடுப்பூசி நாளில். வரிசையில் பிள்ளைகள் கதறிக்கொண்டிருந்தன. மறுமுனையில் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. பெண் குழந்தை, இரண்டு வயது நிறையப்போகிறது என்பது மட்டும் விழுந்தது.

வேறு மாவட்டத்தில் இருந்த அந்த இல்லத்துக்குப் புறப்படுகிற அன்று காலையில் அத்தை ஒரு மஞ்சள்பையோடு வந்து, அவர் ஓட்டுவதற்கு இரவல் வாங்கியிருந்த காரின் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்கள். பையில் என்ன என்று அவர் கேட்டதற்கு, தவிடு என்றார்கள். முந்தின நாள் அச்சன்புதூர் அரவை மில்லுக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார்கள். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அங்கே போய் இதையெல்லாம் கொடுக்க விடமாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அத்தை ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

இல்லத்தில் கையெழுத்துகள் முடிய மத்தியானமாகிவிட்டது. குழந்தை ஒரு ஆயாவின் இடுப்பில் இருந்தாள். எண்ணெய் வைத்து வாரி, பெரிய பொட்டு வைத்து, கொஞ்சம் தொளதொளப்பான நீலக் கவுன் போட்டிருந்தார்கள். ஆயாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு கண்ணால் எங்களைப் பார்த்தாள். நான் நீட்டிய கைக்கு வரவில்லை.

அத்தை அந்த ஆயாவிடம்தான் முதலில் பேசினார்கள். இவளை வளர்த்தது யார் என்று கேட்டார்கள். கைக்குழந்தையாக வந்த நாளிலிருந்து தான்தான் என்று அந்த அம்மாள் சொன்னாள். அத்தை மஞ்சள்பையை அவளிடம் நீட்டினார்கள். இல்லத்துப் பொறுப்பாளர் எழுந்துவந்து, இங்கே யாரும் எதையும் வாங்கக்கூடாது அம்மா, தப்பாகிவிடும் என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

"இது காசில்லம்மா. தவிடு."

பொறுப்பாளருக்குப் புரியவில்லை. ஆயாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் ஊரிலும் அந்த வழக்கம் இருந்திருக்க வேண்டும். பையைத் திறந்து பார்த்தாள். பொறுப்பாளரின் பக்கம் திரும்பி, "எங்க வீட்டுல மாடு நிக்குதுங்க மேடம்" என்றாள். அவர் ஜன்னல் பக்கம் போய்விட்டார். அந்த அம்மாள் வராந்தாத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் இருத்தினாள். பொட்டைச் சரிசெய்தாள். கன்னத்தைத் தடவினாள். கவுனின் பின்னால் அவிழ்ந்திருந்த முடிச்சைப் போட்டாள். நாங்கள் மூன்று பேரும் அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். அத்தை சொன்ன அந்தக் கொஞ்ச நேரம் எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

பிறகு அவள் குழந்தையைத் தூக்கி அத்தையிடம் நீட்டினாள். அத்தை ஒரு எட்டு விலகி நின்றார்கள். "அவகிட்ட குடு" என்று என்னைக் காட்டினார்கள்.

குழந்தை வழியெல்லாம் அழுதாள். வீட்டுக்கு வந்தும் அழுதாள். இரண்டாம் நாள் அவரிடம் ஒட்டிக்கொண்டாள். அவர் எங்கே போனாலும் காலைப் பிடித்துக்கொண்டு போனாள். அத்தையிடமும் போனாள். என்னிடம் வரவில்லை. நான் சோறூட்டினால் வாயை மூடிக்கொள்வாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மருந்து கொடுத்துப் பழகிய கை, தன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சொட்டுமருந்து கொடுக்க முடியாமல் நின்றது. ஒரு மாதத்துக்குமேல் இப்படிப் போனது. அந்த ஆயாவின் சேலையில் ஒன்றையாவது கேட்டு வாங்கி வந்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன். இதை அவரிடம் சொன்னபோது அவர், "ஒன்ன அவளுக்குப் பிடிக்காம இல்ல. நீயும் விட்டுட்டுப் போயிருவியோன்னு பாக்குதா" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மொட்டை போட மலைக்கு அழைத்துக்கொண்டு போனோம். அன்றைக்கு அத்தைகூட ஆட்டோவுக்குச் சம்மதித்தார்கள். அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, முடியெடுக்கிறவர் தலையை நனைத்தார். அழுவாள் என்று எல்லோரும் தயாராக இருந்தோம். அவள் அழவில்லை. முன்னால் முடி விழுவதை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் குளிப்பாட்டி, துடைத்து, தலைக்குச் சந்தனம் பூசுகிற வேலையை அத்தை என்னிடம் கொடுத்தார்கள். நான் எதிரே குத்தவைத்துப் பூசினேன். அவள் கையைத் தூக்கித் தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது. பிறகு அதே கையை, சந்தனத்தோடு, என் தலையில் வைத்தாள். என் முடி இருக்கிறதா என்று பார்க்கிறாள். இருந்தது. ஒரு பிடி பிடித்து இழுத்தாள். அது கையோடு வராததால் இன்னும் பலமாக இழுத்தாள். எனக்கு வலித்தது. அசையாமல் அப்படியே இருந்தேன். இழுத்து அலுத்துப்போய்த் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அதன்பிறகு எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. ஆனால் சோறூட்டினால் வாயைத் திறந்தாள்.

இப்போது அவளுக்கு ஐந்து முடிந்துவிட்டது. தென்காசியில் பள்ளிக்கூடம் போகிறாள். அவளிடம் நாங்கள் எதையும் மறைக்கவில்லை. அத்தை சொன்ன மாதிரியே, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம், உங்க அப்பாவையும் அப்படித்தான் வாங்கினார்கள் என்று சொல்லியிருக்கிறோம். போன வருஷம் அவள் வகுப்பு ஆசிரியை எனக்குப் போன் செய்தார். கடையநல்லூரிலிருந்து வருகிற இளம் ஆசிரியை. வீட்டில் பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கினது என்று கேலி செய்யாதீர்கள், பிள்ளைகள் மனதில் நின்றுவிடும் என்று வருத்தமாகச் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"அவ அழுதுக்கிட்டுச் சொல்லல மேடம். பெருமையாத்தான் சொன்னா. மத்த பிள்ளைங்கதான் எங்கள எதுக்கு வாங்குனாங்கன்னு கேட்டு அழுறாங்க" என்றார்.

கடந்த ஆடியில் மறுபடி மலைக்குப் போனோம். அத்தைக்கு இப்போது படி முடியாது. ஆட்டோவிலும் ஏறமாட்டேன் என்று அடிவாரத்துப் பிள்ளையார் சந்நிதி ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். சாரல் விட்டு விட்டு அடித்தது. காற்று ஆளைத் தள்ளியது. மகள் முன்னால் ஓடுவதும் திரும்பி வந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுப்பதுமாக இருந்தாள். அவருக்கு இன்றைக்கும் மூச்சு வாங்குகிறது. இப்போதெல்லாம் அதை மறைப்பதில்லை. மேலே போனதும் அவள், நம் வீடு எது என்று கேட்டு, தானே ஒரு தோப்பைக் காட்டினாள். வீடு அந்தப் பக்கமே இல்லை. அதுதான் என்று அடம்பிடித்தாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இறங்கி வந்தபோது அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கென்று சுண்டல் வாங்கி மடியில் வைத்திருந்தார்கள். ஆறிப்போயிருந்தது. நின்றபடியே தின்றோம். பஸ் வந்தது, முன் சீட்டில் இடமிருந்தது. அத்தை ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். சாரல் உள்ளே அடித்ததால் அவர் எட்டி ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டார்.